இத்தாலியில் லீவு நாள்: காலண்டரை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

டூரினுக்கு வந்த முதல் வருஷம். ஜூன் 2, குடியரசு தினம். ஊருக்கு வெளியே ஒரு பஸ் ஸ்டாப்பில் நாற்பது நிமிஷம் நின்றேன். கம்பத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் இரண்டு பத்திகள்: ஒன்றின் தலையில் 'ஃபெரியாலே', இன்னொன்றில் 'ஃபெஸ்தீவோ'. 'ஃபேரியே' என்றால் விடுப்பு என்று அந்த வாரம்தான் மொழி வகுப்பில் படித்திருந்தேன். அப்படியானால் ஃபெரியாலே லீவு நாள் பஸ்தானே? அந்தப் பத்தியில் 10.12 என்று இருந்தது. வரவில்லை. 10.27-ம் வரவில்லை. எதிர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பாட்டி கடைசியில் பொறுக்கமாட்டாமல், "ஓஜ்ஜி ஏ ஃபெஸ்தா!" என்று கத்தினார். இன்றைக்கு லீவு, தம்பி.

ஃபேரியே விடுப்புதான். ஆனால் ஃபெரியாலே வேலை நாள். ஏன் என்று இத்தாலியர்களைக் கேட்டால் அவர்களும் தோளைக் குலுக்குவார்கள். சனிக்கிழமையும் பொதுவாக ஃபெரியாலே கணக்கில்தான் வரும். ஞாயிறும் அரசு விடுமுறைகளும் ஃபெஸ்தீவோ. பார்க்கிங் பலகைகளில் இதையே படமாகப் போட்டிருப்பார்கள்: குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல் என்றால் வேலை நாள், சிலுவை என்றால் லீவு நாள். சுத்தியலுக்குப் பக்கத்தில் 8-20 என்று இருந்தால் சனிக்கிழமையும் காசு போட வேண்டும். "சனிக்கிழமைதானே" என்று விட்டுவிட்டுப் போய், வைப்பரில் செருகிய அபராதச் சீட்டோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து, விடுமுறைப் பட்டியல். போனில் பழைய பட்டியலைச் சேமித்து வைத்திருப்பவர்கள் அதை அழித்துவிடலாம். 1977-இல் கைவிடப்பட்ட அக்டோபர் 4, புனித பிரான்சிஸ் திருநாள், 2025-இல் வந்த சட்டத்தால் 2026 முதல் மறுபடி தேசிய விடுமுறை. அவர் இறந்து 800 ஆண்டு நிறைவதை ஒட்டிய ஏற்பாடு. வேடிக்கை என்னவென்றால், 2026-இல் அது ஞாயிற்றுக்கிழமை விழுகிறது. 2027-இல்தான் திங்கள்.

ஞாயிற்றில் விழுந்த லீவைத் திங்களுக்குத் தள்ளும் பழக்கம் இங்கே கிடையாது. பிரிட்டனில் இருந்துவிட்டு வந்தவர்கள் இதில் ஏமாறுவார்கள். ஆனால் மாதச் சம்பளக்காரருக்கு அது முழு நஷ்டமும் இல்லை. ஞாயிறன்று விழும் விடுமுறைக்கு ஒரு நாள் கூலி கூடுதலாக வர வேண்டும். சம்பளச் சீட்டான புஸ்தா பாகாவில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். சனிக்கிழமை விழுந்தால், ஐந்து நாள் வேலைக்காரர்களுக்குப் பெரும்பாலும் போனது போனதுதான்.

பெரிய வெள்ளி லீவு என்று நினைப்பது நம் கிறிஸ்தவ நண்பர்கள் செய்யும் தவறு. போப்பாண்டவர் இருக்கும் நாட்டிலேயே பெரிய வெள்ளி வேலை நாள்! ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள், பாஸ்குவெத்தாதான் விடுமுறை. ஊரே கரி, இறைச்சி, மடக்கு நாற்காலி சகிதம் புல்வெளிக்குக் கிளம்பிவிடும். பெரிய வெள்ளியில் இன்னொரு சிக்கல்: வங்கி திறந்திருக்கும், ஆனால் ஐரோப்பிய வங்கிகளுக்கு இடையிலான தீர்வு முறை அன்று ஓடாது. உடனடிப் பரிமாற்றம் தவிர, சாதாரண பொனிஃபிக்கோவில் (வங்கிப் பரிமாற்றத்தில்) அனுப்பிய வாடகை செவ்வாய்க்கிழமைதான் போய்ச் சேரும்.

ஊர்ப் புனிதரின் நாள்

தேசியப் பட்டியலில் இல்லாத ஒரு லீவு ஒவ்வொரு ஊருக்கும் உண்டு. நம் ஊரில் தேர்த் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடுவதைப் போல. டூரின், ஜெனோவா, ஃபுளோரன்ஸ் மூன்றுக்கும் ஜூன் 24. ரோமுக்கு ஜூன் 29. நேப்பிள்ஸுக்கு செப்டம்பர் 19. மிலானுக்கு டிசம்பர் 7. வெனிஸ்காரர்கள் பாவம்: அவர்களுடைய புனித மாற்கு நாள் ஏப்ரல் 25, நாடு முழுக்க ஏற்கெனவே விடுதலை தின லீவு. புனித பெத்ரோனியோவின் பொலோஞாவுக்கும் இனி அதே கதிதான், அக்டோபர் 4.

பலெர்மோவில் சாந்தா ரொசாலியா, ஜூலை 15. அங்குள்ள ஈழத்தமிழர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பெல்லெக்ரீனோ மலைமேல் இருக்கும் ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குக் கத்தோலிக்கர், சைவர் என்ற வேறுபாடு இல்லாமல் அவர்கள் ஏறிப்போவது ஊரறிந்த விஷயம்.

தவறு நடப்பது, ஒரு ஊரில் குடியிருந்து இன்னொரு ஊரில் வேலை செய்பவர்களுக்கு. கணக்கு வேலை செய்யும் ஊருக்குத்தான். டூரினில் வீடு, மிலானில் அலுவலகம் என்றால் ஜூன் 24 அன்று குடியிருக்கும் ஊருக்கு லீவு, உங்களுக்கு வேலை. டிசம்பர் 7 அன்று நேர் எதிர். பள்ளி நாட்காட்டியைப் பிராந்திய அரசு தீர்மானிக்கிறது, அதற்கு மேல் ஒன்றிரண்டு நாளைப் பள்ளியே சேர்த்துக்கொள்ளும். ஆகவே செப்டம்பரிலேயே பள்ளி தரும் தாளைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

'பொந்தே' யார் கணக்கில்?

பொந்தே என்றால் பாலம். செவ்வாய் லீவென்றால் திங்களையும் எடுத்துக்கொண்டு நான்கு நாளாக்குவது. அரசு தரும் நாள் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது, உங்கள் விடுப்பிலிருந்துதான் கழியும். நிறுவனமே கூட்டாக மூடினாலும் அப்படித்தான். அதற்குமுன் புஸ்தா பாகாவின் அடிப்பகுதியைப் பாருங்கள். வணிகத் துறை போன்ற ஒப்பந்தங்களில் 'எக்ஸ் ஃபெஸ்திவித்தா' என்று வருஷத்துக்கு 32 மணி நேரம் இருக்கும். 1977-இல் ரத்தான பண்டிகைகளில் திரும்ப வராத நான்குக்கான ஈடு அது. பாலம் கட்ட அந்தச் செங்கல்லை முதலில் எடுங்கள், ஃபேரியே ஊருக்குப் போக இருக்கட்டும். மிலானில் வேலை செய்பவர்களுக்கு 2026 டிசம்பரில் பாலமே தேவையில்லை: 7 திங்கள், 8 செவ்வாய், சனி ஞாயிறோடு நான்கு நாள் தானாக வருகிறது.

வீட்டு வேலை செய்பவர்கள் விட்டுவிடும் பணம்

எனக்கு ஆதங்கம் இங்கேதான். வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு செய்யும் நம் பெண்களில் பலர், "நான் மணிக்கணக்கு ஆள், லீவு நாளில் போகாவிட்டால் கூலி இல்லை" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுப் பணியாளருக்கான தேசிய ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. மணிக்கணக்கில் வேலை செய்பவருக்கு ஒவ்வொரு விடுமுறைக்கும் வார நேரத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் கூலி உண்டு. அன்றைக்கு அவருக்கு வேலை நாளா இல்லையா என்பதே பொருட்டில்லை.

பக்கத்து வீட்டு அக்காவோடு உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டேன். திங்கள், புதன், வெள்ளி ஆறாறு மணி நேரம், வாரம் 18. 2026 ஜூன் 2 செவ்வாய். அவருக்கு அன்று வேலையே இல்லை. ஆனாலும் 18-இல் ஆறில் ஒன்று, மூன்று மணி நேரக் கூலி சேர வேண்டும். அக்கா முதலில் நம்பவில்லை. "போகாத நாளுக்கு எப்படித் தம்பி கேட்கிறது?" என்றார். கேட்கலாம். லீவு நாளில் வேலைக்குக் கூப்பிட்டால், அந்த மூன்று மணி நேரத்துக்கு மேல், செய்த நேரத்துக்கு 60 சதவீதம் கூட்டிய கூலி. மாதச் சம்பளத்தில் இருப்பவருக்கு விடுமுறை ஞாயிறன்று விழுந்தால் வேறொரு நாள் ஓய்வு, அல்லது மாதச் சம்பளத்தில் 26-இல் ஒரு பங்கு. ஊர்ப் புனிதரின் நாளும் இந்தக் கணக்கில் சேரும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. இவர்களுக்கு வருஷத்துக்கு 26 வேலை நாள் விடுப்பு. வெளிநாட்டவர் ஊருக்குப் போய்வர நீண்ட லீவு கேட்டால், முதலாளி சம்மதத்தோடு இரண்டு வருஷ விடுப்பைச் சேர்த்து எடுக்கலாம். வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட்

காலண்டரில் 15 மட்டும் சிவப்பாக இருக்கும். நாடு என்னவோ முதல் வாரத்திலிருந்தே கதவைச் சாத்தத் தொடங்கிவிடும். பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 18-இல் தொடங்கிவைத்த ஓய்வு, இன்றும் ஃபெர்ராகோஸ்தோ என்ற பெயரில் நடக்கிறது. 'கியூசோ பெர் ஃபேரியே' (விடுப்புக்காக மூடியிருக்கிறது) என்ற கைப்பட எழுதிய தாள் பேக்கரியில், பிளம்பர் கடையில், தையற்காரர் கதவில். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்கள் ஜூலையிலேயே மருந்துச் சீட்டு வாங்கிவிடுவது நல்லது. மருந்துக்கடை மூடியிருந்தால் அதன் கதவிலேயே அன்று முறை வைத்துத் திறந்திருக்கும் கடையின் முகவரி இருக்கும். குடும்ப மருத்துவர் இல்லாத நாளுக்கு 'க்வார்தியா மெதிக்கா' என்ற முறை மருத்துவர் சேவை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அவசரப் பிரிவுக்கு ஓடி எட்டு மணி நேரம் உட்கார வேண்டாம்.

ஆகஸ்ட் 1 முதல் 31 வரை நீதிமன்றக் கெடுக்கள் பெரும்பாலும் நின்றுபோகும். இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "பெர்மெஸ்ஸோ புதுப்பிப்பதும் செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள். வசிப்பு அனுமதி முடிவதற்கு 60 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறது சட்டம். அதற்கு ஆகஸ்ட் தெரியாது.

ரசீதோடு பயணம்

நீண்ட வார இறுதி வந்தால் பாரிஸ், நீஸ் என்று மனம் போகும். கையில் செல்லுபடியாகும் பெர்மெஸ்ஸோ அட்டை இருந்தால் போகலாம். அட்டை, பாஸ்போர்ட் இரண்டின் அசலும் வேண்டும். வென்திமீல்யா தாண்டியதும் ரயிலில் பிரெஞ்சுப் போலீஸ் ஏறிப் பார்ப்பார்கள், போனில் இருக்கும் படம் உதவாது.

புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு தபால் ரசீதை மட்டும் வைத்திருப்பவர்கள் வேறு ஷெங்கன் நாட்டுக்கு (எல்லைச் சோதனையில்லாப் பயண ஒப்பந்தத்தில் உள்ள ஐரோப்பிய நாடு) போகக் கூடாது, அதன் வழியாக விமானம் மாறவும் கூடாது. ஊருக்கு நேராகவோ ஷெங்கனுக்கு வெளியே மாறியோ போய்வரலாம். எனக்குத் தெரிந்த ஒரு பையன் கிறிஸ்துமஸ் லீவுக்கு ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் சென்னைக்கு மலிவாக டிக்கெட் போட்டிருந்தான். கவுன்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். பெட்டி நிறைய சாக்லேட்டோடு வீட்டுக்குத் திரும்பி வந்து, அன்று ராத்திரியே உட்கார்ந்து தோஹா வழி டிக்கெட் தேடினான். டிசம்பர் 23-இல் அது என்ன விலை இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.