கோயில் கூட்டம் நம் கூட்டம் இல்லை

போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் ஒத்திகை பார்க்கிற அறையின் கதவில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. எங்களுக்கு அடுத்த நேரத்துக்கு அறையை எடுக்கிற தம்பிமாருடையது. யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, ஹட்டன், பதுளை. ஏழு ஊர், ஏழு கிழமை, எல்லாம் மண்டபம் எடுத்து, டிக்கெட் வைத்து. “அண்ணா, எப்பிடியிருக்கு?” என்று கேட்டான் அவர்களில் ட்ரம்ஸ் வாசிக்கிறவன். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. “எழுத்து நல்லாயிருக்கு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பதினாறு வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். அவ்வளவு காலமும் குழுவின் கணக்குக் கொப்பியும் என்னிடம்தான். தந்தி அறுவது, பாடகருக்குத் தொண்டை கட்டுவது, ஒத்திகை போதாமல் மேடையேறுவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அவற்றை இரண்டு கச்சேரியிலேயே பட்டுத் தெளிந்துவிடுவீர்கள். வெளியூருக்குக் கச்சேரி கொண்டுபோகும்போது செய்கிற சில தவறுகள் பட்டாலும் தெளியாது. தவறு என்றே தெரியாது.

கொழும்பு நாட்காட்டியை வைத்துத் திகதி குறிப்பது

கொழும்பில் மழை அடிக்கிற மே, ஜூனில் மட்டக்களப்பில் வெயில் கொளுத்தும். நவம்பர், டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் வடகீழ்ப் பருவமழை; திறந்தவெளி மேடை என்றால் சவுண்ட் பெட்டிக்குத் தறப்பாள் போடுவதே வேலையாகிவிடும். நல்லூரில் கொடியேறினால் 25 நாளைக்கு யாழ்ப்பாணத்தின் மாலைப்பொழுது கந்தனுடையது. உயர்தரப் பரீட்சைக் காலத்தில் உங்கள் பாட்டைக் கேட்கிற வயதுப் பிள்ளைகள் யாரும் வெளியே வரமாட்டார்கள். ஸ்பீக்கர் சத்தம் கேட்டால் தாய்மார் வந்துவிடுவார்கள். போயா, அதாவது பௌர்ணமி, லீவுதானே என்று துள்ளாதீர்கள். அன்றைக்கு மதுக்கடை பூட்டு, ஆகவே ஹோட்டல்காரர் கச்சேரி வைக்கமாட்டார். மலையகத்தில் தீபாவளிக்கு முந்திய கிழமை யார் கையிலும் காசு நிற்காது, எல்லாம் துணிக்கடையில்தான். தீபாவளிக்கு அடுத்த இரண்டு நாள் பொன்னான நாட்கள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடைசி பஸ்

கொழும்பில் எட்டு மணிக்குத் தொடங்கினாலும் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். ஹட்டனில் எங்கள் முதல் கச்சேரியை ஆறு மணிக்கு வைத்தோம். மூன்றாவது பாட்டில் பின்வரிசை எழும்பியது. நான்காவதில் நடுவரிசை. பாட்டுப் பிடிக்கவில்லையாக்கும் என்று எங்கள் பாடகிக்கு முகம் கறுத்துவிட்டது. வாசலில் நின்ற ஒரு பொடியன்தான் சொன்னான், “தோட்டத்துக்குப் போற கடைசி பஸ் அண்ணா.” அதற்குப் பிறகு மலையகத்தில் எங்கள் கச்சேரி பின்னேரம் இரண்டு மணிக்கு. போஸ்டரில் திகதி போடுமுன் அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் போய் நேரம் கேளுங்கள்.

கோயில் கூட்டத்தை நம் கூட்டம் என்று நினைப்பது

இதை எழுதத் தொடங்கினால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018இல் மட்டக்களப்புப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். மணலில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகச் சனம். கச்சான் வண்டி, ஐஸ்கிரீம் வேன், மேடைக்கு முன்னால் புழுதி கிளப்ப ஆடுகிற பொடியன்கள். நாலாயிரம் பேராவது வரும் என்றார் நிர்வாகசபைத் தலைவர். நாங்கள் நாலாயிரம் முகத்தை அதற்கு முதல் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள், பைலாவுக்கு ஆடினார்கள், எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றுக்கும் ஆடினார்கள். திரும்பி வரும்போது வேனுக்குள் ஒரே கனவு. நாலாயிரத்தில் பத்திலொரு பங்கு வந்தால்கூட நானூறு பேர்! பொலன்னறுவை தாண்டுவதற்குள் முடிவெடுத்துவிட்டோம்: மூன்று மாதத்தில் அதே ஊரில் மண்டபம் எடுத்து, டிக்கெட் போட்டு, முழுக்க முழுக்கச் சொந்தப் பாட்டு.

கணக்கைச் சொல்கிறேன். மண்டபம் 35,000. சவுண்டும் லைட்டும் 70,000. ஜெனரேட்டர் 20,000. வேன் 32,000. போஸ்டரும் டிக்கெட் அச்சும் 18,000. சாப்பாடு, தங்குமிடம் 22,000. மொத்தம் 1,97,000 ரூபாய். டிக்கெட் விலை 500, அடித்தது 600. களியாட்ட வரிக்காக அறுநூறையும் உள்ளூராட்சி மன்றத்தில் கொடுத்து முத்திரை குத்தி வாங்கினோம். அங்கே இருந்தவர் ஒவ்வொன்றாகக் குத்தக் குத்த, அந்தச் சத்தமே எங்களுக்குக் கைதட்டலாகக் கேட்டது.

வந்தவர்கள் 43 பேர். அதாவது காசு கொடுத்து வந்தவர்கள். மண்டபக் காவலாளியும் அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகளும் வேறு இருந்தார்கள்.

21,500 ரூபாய் கைக்கு வந்தது. ஒன்றேமுக்கால் இலட்சம் போனது. எங்கள் கீபோர்ட்காரன் தன் பழைய கீபோர்டை விற்றுத்தான் சவுண்ட்காரருக்கு மிச்சத்தைக் கட்டினோம். மீந்த டிக்கெட் கட்டு இன்னும் என் வீட்டில் இருக்கிறது. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் மகள் அதில் பூனை கீறுகிறாள்.

கச்சேரியன்று காலையில் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் போயிருந்தோம். கடைக்கார அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “அண்டைக்குக் கோயில்ல படிச்ச புள்ளயளா? நல்லாப் படிச்சீங்க மனே” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த கேள்வி: “உங்கட குழுவுக்குப் பேரென்ன?” அவருடைய கடைச் சுவரிலேயே எங்கள் போஸ்டர் ஒட்டியிருந்தது. அதில் இருக்கிறவர்கள் நாங்கள்தான் என்று அவருக்குத் தெரியாது.

தெரியத்தான் எப்படி? திருவிழா பனரில் உபயகாரருடைய படம் ஆள் உயரத்துக்கு; எங்களுக்கு “கொழும்பு புகழ் இசைக்குழு” என்று ஒரு வரி. அறிவிப்பாளர் மூன்று தடவை மேடையில் எங்களைப் பாராட்டினார், மூன்று தடவையும் “கொழும்பிலிருந்து வருகை தந்திருக்கும் கலைஞர்கள்”. நாங்களாவது பெயரைச் சொன்னோமா? கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தோம். சொந்தப் பாட்டு நான்கில் மூன்றையும் அப்படித்தான் கடைசிக்கு வைத்திருந்தோம். பிள்ளைகளின் நடனம், பரிசளிப்பு, உரை, பொன்னாடை எல்லாம் முடிந்து எங்கள் கைக்கு மைக் வரும்போதே நேரம் ஒன்பதே கால். ஒலிபெருக்கி அனுமதியில் எழுதியிருக்கும் நேரம் வந்ததும் பொலிஸ்காரர் மேடைக்குப் பின்னால் வந்து மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2007இலேயே வந்துவிட்டது. எங்களுக்கு 2018இல்தான் உறைத்தது.

அந்த நாலாயிரம் பேர் அம்மனிடம் வந்தவர்கள். நாங்கள் இல்லாவிட்டால் வேறொரு குழுவுக்கு அதே மணலில் இருந்து அதே மாதிரி ஆடியிருப்பார்கள். அதில் தப்பில்லை, திருவிழா என்றால் அதுதான். காசு கொடுக்காமல், நடந்து வந்து, பிள்ளையை மடியில் வைத்துக் கேட்கிற பாட்டுக்கும், ஐந்நூறு ரூபாய் கொடுத்துக் கதிரையில் இருந்து கேட்கிற பாட்டுக்கும் நடுவில் ஒரு ஆறே ஓடுகிறது. திருவிழாவுக்குப் போகவேண்டாம் என்று சொல்லவரவில்லை. நாங்கள் இன்றைக்கும் போகிறோம். போகிற விதத்தை மாற்றிவிட்டோம்.

இப்போது சொந்தப் பாட்டு மூன்றாவதாக வரும். முதல் இரண்டும் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, சனம் எழும்பி நிற்கும், அந்தச் சூட்டிலேயே எங்களுடையது. பாட்டுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை குழுவின் பெயர். அறிவிப்பாளர் கையில் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிய அட்டையை நாங்களே கொடுக்கிறோம். அவர் வெட்கப்பட்டால் ட்ரம்ஸின் முன்தோலில் எழுதியிருப்பதைக் காட்டுகிறோம். அப்புறம் ஒரு சி.ஆர். கொப்பி. மேடைக்குப் பக்கத்தில் நண்பன் ஒருவன் அதை வைத்துக்கொண்டு நிற்பான். “அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் சொல்லட்டுமா?” என்று கேட்டு, விருப்பமானவர்களின் பெயரும் வட்ஸ்அப் இலக்கமும் எழுதுவான். ஃபேஸ்புக்கில் லைக் போடுவதற்கு விரல் அசைந்தால் போதும். கூட்டத்தைப் பிளந்து வந்து, பேனையை வாங்கி, தன் இலக்கத்தை எழுதுகிறவர் அடுத்த முறை வருவார்.

ஹட்டனில் கடைசி பஸ் எங்களை முறித்த அந்த நாளில் கொப்பியில் விழுந்தது 23 இலக்கம். மண்டபம் எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு டியூட்டரி வகுப்பறையை ஞாயிறு பின்னேரம் வாடகைக்கு எடுத்தோம், சின்ன சவுண்ட், டிக்கெட் 200 ரூபாய். அறுபது பேர் வந்தார்கள், வாங்கு போதாமல் ஜன்னலில் ஏறி இருந்தார்கள். அந்த ஊர்ப் பொடியன்கள் நான்கு பேர் ஒரு குழு வைத்திருந்தார்கள். அவர்களுக்கு முதல் அரைமணி நேரம் கொடுத்தோம், அவர்களுடைய தம்பி தங்கை, மாமா மாமி எல்லாம் வந்து நின்றார்கள். மூன்றாம் தடவை தீபாவளிக்கு அடுத்த நாள், 110 பேர்.

தீபாவளி விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளிலும் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்கிற மலையகப் பொடியன்கள் அந்தக் கிழமைதான் ஊரில் இருப்பார்கள். பையில் காசும் இருக்கும். அங்கே எங்களைக் கேட்டுவிட்டு இங்கே திரும்பி வந்தார்கள். கொட்டாஞ்சேனையில் அடுத்த கச்சேரி போட்டபோது முன்னால் நின்று சொந்தப் பாட்டை வரிக்கு வரி கூடப் பாடியவர்கள் அவர்கள்தான். பத்து வருடம் கொழும்பிலேயே வாசித்துக் கிடைக்காத கொழும்புக் கூட்டம் ஹட்டன் வழியாக வந்தது.

அதனால்தான் ஏழு ஊர் போஸ்டரைக் கண்டதும் வயிறு பிசைந்தது. ஏழு ஊருக்கு ஒருமுறை போகிற காசில் இரண்டு ஊருக்கு மூன்று மூன்று தடவை போகலாம். முதல் தடவை உங்களை யாரென்று தெரியாது. இரண்டாம் தடவை “வந்திட்டாங்கள்” என்பார்கள். மூன்றாம் தடவைதான் மண்டபத்தைப் பற்றி யோசிக்கலாம். தம்பிமார் இதைக் கேட்கமாட்டார்கள், எனக்குத் தெரியும். எங்களுக்கும் ஒரு அண்ணர் சொன்னார், நாங்கள் கேட்கவில்லை.

பிளக்

சிரிக்காதீர்கள். பழைய மண்டபங்களில் சுவரில் இருப்பது உருண்டைக் கால் பிளக் ஓட்டை, அதிலும் பெரியது சின்னது என்று இரண்டு வகை. உங்களிடம் இருப்பது சதுரக் கால், 13 அம்பியர். அடாப்டர் ஆறு, நீள வயர் மூன்று, ஒரு டெஸ்டர், இவை தனிப் பெட்டியில் போகவேண்டும். டெஸ்டர் ஏன் என்றால், எர்த் இல்லாத இடத்தில் கிட்டாரைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதடு வைத்தால் சுள்ளென்று இழுக்கும். எங்கள் பாடகிக்கு மன்னாரில் ஒருமுறை இழுத்தது. அந்தக் கச்சேரி முழுக்க மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்துப் பாடினாள், ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை.

பழைய பாட்டு ஒன்றுமே தெரியாமல் போவது

எந்த ஊரிலும் முன்வரிசையில் அறுபது வயது தாண்டிய ஒருவர் இருப்பார். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் காலத்துப் பொப் பாட்டு ஒன்று கேட்பார். ஒன்றாவது பாடம் பண்ணி வையுங்கள். அடுத்த வருடம் உங்களைக் கூப்பிடலாமா என்று முடிவெடுக்கிற சபையில் அவரும் இருப்பார்.

யாழ்ப்பாணத்தில் யாழ்ப்பாணத் தமிழ் பேச முயல்வது

வேண்டாம். முன்வரிசையில் ஒரு ஐயா திருத்திவிட்டார்.

முற்பணம்

வாங்காமல் வேனில் ஏறாதீர்கள்.

இரவோடிரவாகத் திரும்புவது

தங்குமிடக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் எல்லாரும் செய்கிறார்கள். நாங்களும் செய்தோம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். அந்த 43 பேர் கச்சேரி முடிந்து, சாமான் ஏற்றி, யாரும் யாரோடும் பேசாமல் வந்தோம். மின்னேரியா தாண்டி ஹபரணைப் பக்கம் வரும்போது இரவு இரண்டு மணி. டிரைவர் பிரேக் போட்டார். றோட்டின் நடுவில் ஒரு கொம்பன், அசையவில்லை. டிரைவர் லைட்டைக் குறைத்து எஞ்சினை நிறுத்திவிட்டு, “ஹோர்ன் அடிக்கக்கூடாது தம்பி” என்று மெதுவாகச் சொன்னார். நாற்பது நிமிடம் இருந்தோம். முழித்திருந்தது நானும் டிரைவரும்தான். மடியில் விற்காத டிக்கெட் கட்டு. யானை ஒரு தடவை காதை விசிறிவிட்டு எங்களைப் பார்த்தது. பின்னாலிருந்து எங்கள் ட்ரம்ஸ்காரன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்: “மச்சான், இதுக்கும் ஒரு டிக்கெட் குடுப்பமா?”