பில் வுகோவிச்சைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறும் இடங்கள்

கார்ப்பந்தய வரலாறு எழுதப் பழகும் இளைஞர்கள் சிலர், ஐம்பதுகளின் அமெரிக்க ஓட்டுநர் பில் வுகோவிச்சைப் பற்றித் தாங்கள் எழுதிய ஏழு கட்டுரைகளைப் போன மாதம் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். இருபது வருடங்களுக்கு முன் நான் செய்த பிழைகள் ஏழிலும் அப்படியே இருந்தன. எழுத்துப்பிழை, பிறந்த தேதி போன்றவற்றை மெய்ப்புப் பார்ப்பவர் திருத்திவிடுவார். அவருக்கும் பிடிபடாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அவரை ஃபார்முலா 1 (எஃப்1) ஓட்டுநர் என்று எழுதுவது

இந்த ஒரு பிழையைக் கண்டால் இன்றும் எனக்குப் பொறுப்பதில்லை.

1950 முதல் 1960 வரை, அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் 500 மைல் பந்தயமான இண்டியானாபொலிஸ் 500இன் புள்ளிகளும் உலக ஓட்டுநர் சாம்பியன்ஷிப்பில், அதாவது இன்று எஃப்1 சாம்பியன்ஷிப் என்று சொல்லப்படுவதில், சேர்க்கப்பட்டன. 1950இல் ஐரோப்பாவுக்கு வெளியே நடந்த ஒரே சாம்பியன்ஷிப் பந்தயம் அதுதான். ஆனால் வுகோவிச்சின் காலத்தில் அந்தப் பந்தயத்தை நடத்தியது அமெரிக்க ஆட்டோமொபைல் அசோசியேஷனின் விதிகள். கார்கள் வேறு, எஞ்சின்கள் வேறு, ஓட்டுநர்களும் வேறு. வுகோவிச் 1953, 1954 ஆண்டுகளில் அதை வென்றது நான்கு சிலிண்டர் ஆஃபன்ஹௌசர் எஞ்சின் பூட்டிய கர்டிஸ் கிராஃப்ட் காரில். இன்னொன்றையும் கவனியுங்கள்: 1952, 1953 ஆண்டுகளில் சாம்பியன்ஷிப்பின் மற்றப் பந்தயங்களும், எஃப்1க்கு அடுத்த நிலையான 2 லிட்டர் எஃப்2 கார்களை வைத்தே நடந்தன. ஆகவே, அவர் முதல்முறை வென்ற 1953இல் சாம்பியன்ஷிப்பின் எந்தப் பந்தயமுமே எஃப்1 விதிப்படி நடக்கவில்லை. அவரை எஃப்1 ஓட்டுநர் என்பது எப்படிப் பொருந்தும்?

இது தெரியாமல் ஒரு சிறு நூல் எழுதினேன். அதன் கடைசியில் வெற்றி விழுக்காட்டின்படி ஓட்டுநர்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியலும் சேர்த்தேன். முதலிடத்தில், 1951இல் இண்டியானாபொலிஸில் வென்ற லீ வாலார்ட்: இரண்டு பந்தயம், ஒரு வெற்றி, 50 விழுக்காடு. அவருக்குக் கீழே, 51 பந்தயங்களில் 24 வென்ற, ஐந்து முறை உலக சாம்பியனான ஃபாஞ்சியோ. சற்றுத் தள்ளி, ஐந்தில் இரண்டு வென்ற வுகோவிச். தாள்கள் அச்சாகி, மடித்து, தைக்கக் காத்திருந்தன. பழைய கார்களைப் பழுதுபார்ப்பதிலேயே ஆயுளைக் கழித்த பெரியவர் ஒருவர் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "வாலார்டும் ஃபாஞ்சியோவும் எந்தப் பந்தயத்தில் சேர்ந்து ஓட்டினார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதினாறு பக்க ஃபாரம் முழுவதையும் என் கைக்காசில் திரும்ப அடித்தோம்.

பணம் போனதைவிட, அந்தப் பட்டியலை நம்பி நான் மனிதரையே தவறவிட்டதுதான் உறுத்துகிறது. அதில் வுகோவிச்சின் வாழ்க்கை, 1951 முதல் 1955 வரை ஆண்டுக்கு ஒரு நாளாக, ஐந்தே நாட்களில் முடிந்துவிடுகிறது. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ பக்கம் வளர்ந்தவர் அவர். மிட்ஜெட் எனப்படும் சிறிய பந்தயக் கார்களைப் போருக்கு முன்பும் பின்பும் ஆண்டுக்கணக்கில் ஓட்டி, 1950இல் தேசிய மிட்ஜெட் சாம்பியன் ஆனார். பட்டியலில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

1952 இண்டியானாபொலிஸ் பந்தயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 200 சுற்று. 150 சுற்றுகளில் வுகோவிச் முன்னால் இருந்தார். முடிய ஒன்பது சுற்றே இருந்தபோது ஸ்டியரிங் இணைப்பு முறிந்தது. திருப்ப முடியாத காரை வெளிச்சுவரோடு உரசவிட்டு நிறுத்தினார். டிராய் ரட்மன் வென்றார். உலகப் பட்டியலில் அன்றைய நாளுக்காக வுகோவிச்சின் பெயருக்கு எதிரே இருப்பது, அதிவேகச் சுற்றுக்குக் கிடைத்த ஒரே ஒரு புள்ளி.

எண் வேண்டுமென்றால் இதை எடுங்கள்: ஐந்து ஆண்டுகளில் அங்கே அவர் ஓட்டியது 676 சுற்று, முன்னணியில் இருந்தது 485 சுற்று. எஃப்1 பட்டியல்களில் இதைத் தேடாதீர்கள். இண்டியானாபொலிஸ் பந்தயத்தின் சுற்றுப் பதிவுகளில்தான் கிடைக்கும்.

1953இன் வெயிலை விட்டுவிடுவது

அன்றைய வெப்பத்தைச் சொல்லாமல் அந்த வெற்றியைச் சொல்ல முடியாது. கார்ல் ஸ்கார்பரோ காரிலிருந்து இறங்கிய பின் வெப்பத்தாக்கத்தால் இறந்தார். பலர் பாதியில் இறங்கி மாற்று ஓட்டுநரிடம் காரைக் கொடுத்தார்கள். மூன்றாம் இடத்துக்கு எதிரே சாம் ஹாங்க்ஸ், டுவேன் கார்ட்டர் என இரண்டு பெயர்கள் இருப்பது அதனால்தான். ஒரு தம்பி அதை அச்சுப்பிழை என்று நினைத்துக் கார்ட்டரை நீக்கியிருந்தார். வுகோவிச் யாரிடமும் காரைக் கொடுக்கவில்லை. 200 சுற்றையும் தானே ஓட்டினார். அவற்றில் 195 சுற்று முன்னணியில்.

மைலைக் கிலோமீட்டர் என்று எழுதுவது

1954இல் அவருடைய சராசரி வேகம் மணிக்கு 130.84 மைல். கிலோமீட்டரில் 210க்கு மேல்.

'மேட் ரஷ்யன்'

'பைத்தியக்கார ரஷ்யன்' என்பது வுகோவிச்சின் பட்டப்பெயர் மட்டுமே. அவர் ரஷ்யர் அல்ல, செர்பிய வம்சாவளி.

மூன்று பில்களைக் குழப்புவது

1973இல் இண்டியானாபொலிஸில் இரண்டாமிடம் பெற்றவர் மகன். 1988இல் முதன்முதலாக அங்கே ஓட்டியவர் பேரன். பெயர் மூவருக்கும் ஒன்றுதான்.

1955 மரணத்தை அவர்மேல் போடுவது

ஏழு கட்டுரைகளில் நான்கு, "அதிவேகத்தால் உயிரிழந்தார்" என்று முடிந்திருந்தன. இறந்தவர்மீது பழி போடுவதற்கு முன் நடந்ததை வரிசையாகப் பார்க்க வேண்டும். மே 30. தொடர்ந்து மூன்றாவது வெற்றியை நோக்கி, 57ஆவது சுற்றில், அவர் முன்னணியில் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னே, ஒரு சுற்று பின்தங்கியிருந்தவர்களில் ரோட்ஜர் வார்டின் காரில் அச்சு முறிந்து கார் நிலைதடுமாறியது. அதைத் தவிர்க்கத் திரும்பிய அல் கெல்லரின் கார் ஜானி பாய்டின் கார்மேல் மோதியது. பாய்டின் கார் நேராக வுகோவிச்சின் பாதைக்குள் வந்தது. விலக இடமில்லை. அவருடைய கார் வெளிச்சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது.

அந்தப் பந்தயத்தின் அதிவேகச் சுற்றும் அவருடையதே. அதற்குரிய ஒரு புள்ளி அவர் பெயருக்கு எதிரே இன்றும் இருக்கிறது.