பாத்திர வடிவமைப்பிலிருந்து பிட்ச் வரை: அனிமேஷன் மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

அனிமேஷன் படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டுக் குறும்படத்தைத் தொடங்கும்போது, பெரும்பாலும் முதலில் ஒரு முகத்தை வரைந்துவிட்டு, அந்த முகத்துக்குப் பொருந்தும் கதையைப் பிறகு தேடுகிறார்கள். கண்ணும் மூக்கும் அழகாக அமைந்துவிட்டால் அவற்றை மாற்ற மனம் வருவதில்லை. கதைதான் அந்த முகத்துக்காக வளைய வேண்டியிருக்கிறது. பாத்திரத்தின் உருவமும், பிட்ச் என்று நாம் சொல்லும் திட்ட முன்வைப்பும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே வளர வேண்டியவை. ஆகவே இரண்டையும் சேர்த்தே செய்யும் ஒரு முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். என்னிடம் பயிலும் மாணவி ஒருவர் இப்போது உருவாக்கிவரும் ஐந்து நிமிட இருபரிமாணக் குறும்படத்தை, அவருடைய இசைவோடு, எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

படி 1: ஒன்லைனை எழுதுங்கள்

பென்சிலை எடுப்பதற்கு முன் கதையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எதற்குள் முடிய வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். மாணவி முதலில் எழுதிவந்தது "ஒரு நேர்மையான கண்டக்டரின் கதை" என்பதாகும். இது ஒரு குணத்தைச் சொல்கிறதே தவிர, திரையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவில்லை. பலமுறை திருத்திய பின் அது இவ்வாறு அமைந்தது: "பணி ஓய்வு பெறும் நாளின் கடைசி டிரிப்பில், மீதிச் சில்லறையை வாங்காமல் இருட்டில் இறங்கிப்போன பாட்டியிடம் ஐந்து ரூபாயைச் சேர்த்துவிட்டுத்தான் டிப்போவுக்குத் திரும்புவேன் என்று ஒரு கண்டக்டர் பேருந்தை விட்டு இறங்குகிறார், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டிருக்கிறார்."

இந்த வாக்கியம் ஏற்கெனவே உருவத்தைப் பற்றிப் பல முடிவுகளை எடுத்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். பாத்திரத்துக்கு ஏறத்தாழ 60 வயது. படத்தின் பாதி நேரம் அவர் நடக்கப்போகிறார் என்பதால், முகத்தைவிடக் கால்களும் தோள்களும் முக்கியமாகின்றன. இரவு நேரம் என்பதால் நுணுக்கமான முகக்குறிகளை நம்பியிருக்க முடியாது. ஒன்லைனிலிருந்து இப்படி நான்கைந்து கட்டளைகளை எடுத்து எழுதி, வரையும் மேசையின் மேல் ஒட்டிவையுங்கள்.

படி 2: நேரில் பார்த்து வரையுங்கள்

இந்தப் படிக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். இணையத்தில் கிடைக்கும் படங்களைத் திரட்டி மூட்போர்டு செய்வது பயன் தரும். ஆனால் அந்தப் படங்கள் வேறொருவர் கவனித்தவை. உங்கள் பாத்திரம் செய்யும் வேலையை உண்மையில் செய்பவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய், ஒரு சிறு நோட்டில், ஒவ்வொரு வரைவுக்கும் அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல், உடலின் நிலையை மட்டும் பிடித்து வரையுங்கள்.

மாணவி டவுன் பஸ்ஸின் பின்னிருக்கையில் அமர்ந்து வரைந்த பக்கங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஓடும் வண்டியில் கண்டக்டர் கம்பியைப் பிடிப்பதே இல்லை. இருக்கையின் முனையிலோ கம்பியிலோ இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு கைகளையும் வேலைக்கு விட்டுவிடுகிறார். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல்களுக்கிடையே செருகிக்கொள்கிறார். வண்டி வளையும்போதெல்லாம் முழங்கை தானாகவே தோல்பையை விலாவோடு அழுத்துகிறது. நிறுத்தம் வரும்போது குனிந்து சன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டுத்தான் விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறார். வயதான ஒருவருக்குப் பை தொங்கும் தோள் மற்றத் தோளைவிடச் சற்றே தாழ்ந்திருந்தது. இவற்றில் எதுவும் கற்பனையில் தோன்றியிருக்காது. இவை அனைத்தும் பிறகு வடிவமைப்பில் இடம்பெற்றன.

ஒரு வேண்டுகோள்: யாரையும் கேட்காமல் புகைப்படம் எடுக்காதீர்கள். ஒரே மனிதரை அப்படியே பாத்திரமாக்காமல், பலரிடம் கண்டவற்றைச் சேர்த்து ஒருவரை உருவாக்குங்கள். அதுவே நியாயமானது, பாத்திரமும் அதனால் செழுமை பெறும்.

படி 3: சிறு வரைவுகளும் நிழலுருவும்

இப்போது ஒரு தாளில் தீப்பெட்டி அளவிலான சிறு உருவங்களை ஏராளமாக வரையுங்கள். கண், மூக்கு, பொத்தான் எதுவும் வேண்டாம். உயரம், பருமன், சாய்வு ஆகியவற்றை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். முதலில் வரும் உருவங்கள் நீங்கள் முன்பு பார்த்த படங்களின் சாயலில்தான் இருக்கும். அவை தீர்ந்த பிறகே உங்களுடையவை வரத் தொடங்கும். ஆகவே பக்கம் நிறையும் முன் நிறுத்திவிடாதீர்கள்.

அவற்றில் நல்லவற்றைத் தேர்ந்தெடுத்து முழுக்கக் கறுப்பு மையால் நிரப்புங்கள். அந்தக் கறுப்பு உருவத்தைக் கதை தெரியாத ஒருவரிடம் காட்டி, இவர் யார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். மாணவியின் முதல் நிழலுருவில் பை வயிற்றுக்கு முன்னால் தொங்கியதால் உடலோடு கரைந்துபோய், தொப்பை வைத்த ஒருவர் சும்மா நிற்பதாகத் தோன்றியது. பையைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே ஒரு முக்கோண வெளிச்சம் தெரியும்படி செய்து, இடுப்பைக் கம்பியில் சாய்த்ததும், பார்த்தவர்கள் உடனே "கண்டக்டர்" என்றார்கள். கை, கால், கருவி ஆகியவை உடலின் எல்லைக்கோட்டுக்கு வெளியே தெரியும்படி அமைப்பதுதான் இந்தப் படியின் சூத்திரம். இரவுக் காட்சிகள் நிறைந்த படத்தில் இது இன்னும் பெரிய உதவி, ஏனெனில் பல ஷாட்டுகளில் பார்வையாளர் காணப்போவது நிழலுருவை மட்டும்தான்.

படி 4: அளவு விகிதமும் லைன்-அப்பும்

தலையின் உயரத்தை ஓர் அலகாகக் கொண்டு உடலை அளப்பது வழக்கம். வளர்ந்த மனிதரின் உடல் பொதுவாக ஏழு முதல் எட்டுத் தலை உயரம் இருக்கும். கார்ட்டூன் பாணியில் இதைக் குறைக்கலாம். நம் எடுத்துக்காட்டில் கண்டக்டருக்கு ஐந்தரைத் தலை, டிரைவருக்கு நாலரை, பாட்டிக்கு மூன்றரை.

பாத்திரங்களைத் தனித்தனித் தாளில் முடித்துவிட்டுப் பிறகு சேர்க்காதீர்கள். ஒரே தரைக்கோட்டின் மேல் எல்லோரையும் நிறுத்தி, ஒருவரைத் திருத்தும்போது மற்றவரையும் பார்த்துத் திருத்துங்கள். கண்டக்டர் சற்றே சாய்ந்த நீள்சதுரமாகவும், டிரைவர் இருக்கையை நிறைக்கும் அகலமான வட்டமாகவும், பாட்டி தரையில் ஊன்றிய முக்கோணமாகவும் அமைந்தார்கள்.

இந்த லைன்-அப்பை வரையும்போதுதான் இந்தத் திட்டத்தின் மிக நல்ல கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. பாட்டியின் இடுப்பில் மாணவி ஒரு சுருக்குப்பையைச் செருகியிருந்தார். கண்டக்டரின் தோல்பையும் பாட்டியின் சுருக்குப்பையும் ஒரே தாளில் அருகருகே வந்தபோது, ஒரு நாணயம் இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குப் போவதுதான் முழுக் கதையும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை கடைசிக் காட்சியில் இருவரும் நீளமாகப் பேசிக்கொண்டார்கள். அந்த வசனம் முழுவதும் நீக்கப்பட்டு, இரண்டு பைகளின் க்ளோசப் மட்டும் எஞ்சியது. பிட்ச்சில் கதைச் சுருக்கத்தின் கடைசிப் பத்தியும் அன்றே மாறியது.

படி 5: கோடுகளைக் குறையுங்கள்

திரையில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடுகின்றன. கையால் வரையும் அனிமேஷனில் ஒரு வரைபடத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு வைப்பது பெருவழக்கு. அப்படியானால் விநாடிக்கு 12 வரைபடங்கள். ஐந்து நிமிடப் படத்தில் கண்டக்டர் மூன்று நிமிடம் அசைகிறார் என்று கொண்டால், அவரை மட்டும் 2,160 முறை வரைய வேண்டும். சட்டையில் ஒரு பொத்தானைக் கூட்டினால் அது 2,160 பொத்தான்கள். கட்டம் போட்ட சட்டையின் கதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே ஒவ்வொரு கோட்டையும் விரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்த பின்னும் பாத்திரம் அதே ஆளாக இருந்தால் அந்தக் கோடு தேவையில்லை. மாணவி பையின் பக்கிளையும் தையல் வரிகளையும் ஒரு சட்டைப்பையையும் நீக்கினார். தாழ்ந்த தோளையும் பையின் வாரையும் விடவில்லை.

படி 6: மாடல் ஷீட்

பாத்திரத்தை எந்தக் கோணத்திலும் எவர் வரைந்தாலும் ஒரே ஆளாகத் தெரியச் செய்வதற்கான ஆவணம் இது. 1930களின் இறுதியில் டிஸ்னி ஸ்டூடியோவில் ஜோ கிராண்ட் தலைமையில் இயங்கிய பாத்திர மாதிரிப் பிரிவு, தாளில் வரைந்ததோடு நிற்காமல் சிறு சிலைகளையும் செய்து அனிமேட்டர்களிடம் கொடுத்தது இதே தேவைக்காகத்தான். நீங்களும் களிமண்ணில் தலையை மட்டுமாவது பிடித்துப் பாருங்கள். முக்கால் பக்கத் தோற்றத்தில் வரும் குழப்பங்கள் பெருமளவு தீரும்.

டர்ன்அரவுண்டில் முன்புறம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்புறம் ஆகிய நான்கு தோற்றங்களை வரையுங்கள். உச்சந்தலை, கண், தோள், இடுப்பு, முழங்கால், பாதம் ஆகியவற்றின் வழியே நேர் கிடைக்கோடுகளை இழுத்து, நான்கிலும் அவை ஒரே உயரத்தில் இருப்பதைச் சரிபாருங்கள். மென்பொருளில் ஒரு பக்கத் தோற்றத்தை வரைந்து மறுபக்கத்துக்குக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடும் சோம்பலைத் தவிருங்கள். அப்படிச் செய்தால் வலத்தோளில் இருந்த பை இடத்தோளுக்குத் தாவிவிடும்.

எக்ஸ்பிரஷன் ஷீட்டில் மகிழ்ச்சி, கோபம், சோகம் என்று பொதுவான முகங்களை வரிசையாக அடுக்குவதால் பயன் குறைவு. ஸ்கிரிப்டிலிருந்து தருணங்களை எடுத்து வரையுங்கள்: கணக்கு முடித்த பின் ஐந்து ரூபாய் மிஞ்சுவதைக் காணும் முகம், ஹாரன் சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முயலும் முகம், இருட்டில் நாய் குரைக்கும்போது விசிலைத் தேடும் முகம். இப்படி வரைந்த ஷீட் பிட்ச்சில் பாதிக் கதையைத் தானே சொல்லிவிடும்.

படி 7: நிறம்

சீருடையின் நிறத்தை நினைவிலிருந்து போடாமல், பகலிலும் பஸ் விளக்கின் கீழும் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிறம் தீட்டிய படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்து, பாத்திரம் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்று சோதியுங்கள். மென்பொருளைப் பொறுத்தவரை, இலவசமாகக் கிடைக்கும் கிரீட்டாவும் பிளெண்டரும் தொடக்கநிலை மாணவருக்குத் தாராளமாகப் போதும்.

படி 8: பிட்ச் ஸ்லைடுகள்

பிரான்சின் அன்சி நகரில் 1960 முதல் நடக்கும் அனிமேஷன் திரைப்பட விழாவோடு, 1985 முதல் ஒரு சந்தையும் நடந்துவருகிறது. அங்கே உலகெங்கிலுமிருந்து வருபவர்கள் தயாரிப்பாளர்கள் முன்னிலையில் தங்கள் திட்டங்களை மேடையேறி முன்வைக்கிறார்கள். கல்லூரி நடுவர் குழுவுக்குச் சொன்னாலும் அப்படிப்பட்ட சந்தையில் சொன்னாலும் கேட்பவர்களுக்குத் தெரிய வேண்டியவை ஒன்றே: கதை என்ன, யாருடையது, எப்படித் தெரியும், உங்களால் முடிக்க முடியுமா.

முதல் ஸ்லைடில் தலைப்பும் ஒரே ஒரு வலுவான படமும் போதும். அடுத்து ஒன்லைன். பிறகு அரைப்பக்கக் கதைச் சுருக்கம். இதில் முடிவை மறைக்கக் கூடாது. முடிவைத் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதுவது, முடிவு இன்னும் கிடைக்கவில்லை என்றே பொருள்படும். அதன் பின் லைன்-அப், முதன்மைப் பாத்திரத்தின் மாடல் ஷீட், இறுதிப் படம் எப்படித் தெரியும் என்று காட்டும் முழுமையான ஒரு ஸ்டைல் ஃபிரேம், கதையை ஷாட் ஷாட்டாக வரைந்து அடுக்கிய ஸ்டோரிபோர்டிலிருந்து ஒரு காட்சி ஆகியவை வரலாம். நிழலுருக்களில் நிராகரித்தவற்றையும் ஒரு ஸ்லைடில் சிறிதாகக் காட்டுங்கள் என்பது என் பரிந்துரை. தேர்ந்தெடுத்த உருவம் சிந்தித்து வந்தது என்பதை வேறெதுவும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது. கடைசியில் கால அட்டவணை. படி 5-இல் போட்ட வரைபடக் கணக்கை இங்கே பயன்படுத்துங்கள். ஒரு நாளைக்கு 20 வரைபடங்கள் முடிப்பீர்கள் என்றால் கண்டக்டருக்கு மட்டும் 108 வேலைநாட்கள் தேவை. அந்த எண் உங்கள் கல்விப் பருவத்துக்குள் அடங்காவிட்டால், கதையைச் சுருக்குவதற்கு இதுவே சரியான நேரம்.

படி 9: கதை சொல்லுதல்

ஸ்லைடில் இருப்பதை வாசிக்காதீர்கள். அதை அவர்களே வாசித்துக்கொள்வார்கள். கண்டக்டர் பையைத் துழாவும் கணத்திலிருந்து நேரடியாகக் கதையைத் தொடங்குங்கள். உங்களை அறிமுகம் செய்துகொள்வதும் நன்றி சொல்வதும் பிறகு நடக்கட்டும். கொடுத்த நேரத்தைவிட ஒரு நிமிடம் குறைவாகவே ஒத்திகை பாருங்கள், ஏனெனில் சபையில் பேசும்போது நேரம் நீளும்.

கேள்விகளை நண்பர் ஒருவரை உட்காரவைத்து அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்தால், அதற்கு நல்ல பதிலைத் தயாரிப்பதைவிட, அந்தக் கேள்வி எழாதபடி படத்தைத் திருத்துவதே முறை. மாணவி தம் வகுப்பில் கதை சொன்னபோது, "டிரைவர் ஏன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடவில்லை?" என்று ஒருவருக்கு மேல் கேட்டார்கள். லைன்-அப்பில் டிரைவர் வெறும் கோபக்காரராக மட்டுமே இருந்ததுதான் காரணம். இப்போது மாணவி டிரைவரின் எக்ஸ்பிரஷன் ஷீட்டை மறுபடி வரைந்துகொண்டிருக்கிறார். ஹாரனில் ஒரு கையும், சாவியைத் திருப்பாமலே பிடித்திருக்கும் மறு கையுமாக, கண்ணாடியில் கண்டக்டர் போன திசையையே பார்த்திருக்கும் ஒரு முகம் அதில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அந்த ஷீட் முடிந்ததும் ஸ்டோரிபோர்டில் டிரைவர் வரும் ஷாட்டுகளை மாற்றி, அந்த வரைபடங்களை நேரக் கணக்கோடு ஓடவிட்டுப் பார்க்கும் அனிமேட்டிக்கைத் தொடங்கவிருக்கிறார்.