மார்வாரி உங்களுக்கு ஏற்ற குதிரையா? வாங்குவோர் செய்யும் தவறுகள்

ராஜஸ்தானின் மார்வாரி இனக் குதிரையை வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது காதைத்தான். இரண்டு காதும் உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி தொட்டுவிட்டால் பேரம் பாதி படிந்த மாதிரி. இது விற்பவருக்கும் நன்றாகத் தெரியும். காதும் உயரமும் நிறமும் கண்ணை நிறைத்துவிட்டால் காலையும் வாயையும் யாரும் சோதிப்பதில்லை. இனத்தின் பெயர் ஒரு குதிரை ஏறக்குறைய எப்படி இருக்கும் என்பதை மட்டும்தான் சொல்லும். உங்கள் எடையைச் சுமக்குமா, உங்கள் கைக்கு அடங்குமா, உங்கள் ஊர் ஈரத்தைத் தாங்குமா என்பதை எதிரில் நிற்கும் அந்தக் குதிரையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வளைந்த காது மார்வாரிக்கு மட்டும் உரியதும் அல்ல. குஜராத்தின் கத்தியவாரிக்கு அது இன்னும் கூடுதலாக வளையும். கலப்புக் குட்டிக்கும் வரும். கத்தியவாரியின் முகம் நடுவில் சற்றுக் குழிந்து, உடல் சிறியதாக இருக்கும். மார்வாரிக்கு முகம் நீளம், நேராகவோ லேசாகப் புடைத்தோ இருக்கும். இனத்தூய்மையை உறுதிப்படுத்துவது பதிவுச் சான்றும் மரபணுச் சோதனையும்தான். ஆனால் சவாரிக்கு மட்டும் வாங்குபவருக்குக் கலப்பு ஒரு குறையே இல்லை. தூய்மைக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியவர் குட்டி எடுத்து விற்க நினைப்பவர் மட்டுமே.

உடம்பில் முடி சுழன்று வளர்ந்திருக்கும் சுழியை வைத்து ராசி பார்ப்பதும் இதே கதைதான். சுழி சரியில்லை என்று ஒதுக்கப்பட்ட, கால் சுத்தமான குதிரை சில சமயம் நல்ல பேரமாக அமையும். வீட்டில் பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

உயரத்தை அளந்து எடையை மறப்பது

குதிரையின் உயரத்தை, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து தரைவரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். சந்தையில் தையல் டேப்பைத் தோளின் வளைவோடு ஒட்டிப் பிடித்தால் அளவு கூடிவிடும். குறுக்குச் சட்டம் வைத்த அளவுகோல் இருந்தால்தான் சரியான கணக்கு வரும். ஒரு ‘ஹேண்ட்’ என்பது 4 அங்குலம். 15.2 என்று எழுதியிருந்தால் 15 ஹேண்டும் 2 அங்குலமும், அதாவது 62 அங்குலம். பதினைந்தே கால் என்று படித்துவிடக் கூடாது.

சவாரிக்கு உயரத்தைவிட உடல் எடை முக்கியம். சவாரி செய்பவர், சேணம், மற்றச் சாமான் எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எடை மேடை இல்லாத இடத்தில் டேப்பே போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை நீளத்தையும் செ.மீ.யில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 170, நீளம் 152 என்றால் சுமார் 370 கிலோ. அதில் 20 சதவீதம் 74 கிலோ. சேணம் 9 கிலோ போனால் ஏறுபவருக்கு மிஞ்சுவது 65 கிலோ. மெலிந்த குதிரை, சதை போடாத இளங்குதிரை என்றால் 15 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. 85 கிலோ ஆள், 64 அங்குலம் உயரம் என்பதற்காகவே ஒரு ஒல்லிக் குதிரையை வாங்கினால், முதுகுவலி முதலில் வருவது குதிரைக்கு.

ஆடும் குதிரையைச் சவாரிக்கு வாங்குவது

பெரிய பணம் வீணாகும் இடம் இதுதான். மேளத்துக்கு முன்னங்காலைத் தூக்கி ஆடும் குதிரை, ராஜஸ்தானின் புஷ்கர்ச் சந்தையிலும் சரி, ஆடி மாத அந்தியூர்ச் சந்தையிலும் சரி, கூட்டத்தை இழுக்கும். அந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்து, முன்னால் போகவிடாமல் நிறுத்தித்தான் பழக்குகிறார்கள். சிலர் முள் வைத்த கடிவாளமும் போடுகிறார்கள். இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் அதைத் தடை செய்தும் வழக்கம் நிற்கவில்லை. இப்படிப் பழகிய குதிரை கையின் சிறு அசைவுக்கே தலையை உயர்த்தும், முதுகைக் குழிக்கும், நேர்கோட்டில் நடக்க மறந்திருக்கும். அதைச் சாதாரணச் சவாரிக்குத் திருப்ப மாதக்கணக்கில் ஆகும். தேர்ந்த கையும் வேண்டும்.

வாயைத் திறக்கச் சொல்லுங்கள். உதட்டு மூலையில் தழும்பு, நாக்கின் குறுக்கே பழைய வெட்டு, முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையிலுள்ள வெற்று ஈறில் மேடு பள்ளம் இருக்கிறதா பாருங்கள். பிறகு கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு நூறு அடி நடக்கவும், நிற்கவும், பத்து விநாடி அசையாமல் இருக்கவும் கேளுங்கள். நிற்கத் தெரியாத குதிரையை மற்றது தெரிந்தாலும் புதியவர் தொடக் கூடாது.

ரேவால் நடையிலும் குழப்பம் உண்டு. ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் அடுத்தடுத்து விழும், குலுங்காத ஒரு நடை அது. நீண்ட தூரச் சவாரிக்கு அருமை. ஆனால் எல்லா மார்வாரிக்கும் அது இருக்காது. கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் மட்டும் வருவது இயல்பான ரேவால் அல்ல, தளர்ந்த கடிவாளத்திலும் வர வேண்டும். தடை தாண்டுதலும், நடைகளை ஒழுங்காகச் செய்து காட்டும் டிரஸ்ஸாஜும் கற்க விரும்புகிறவருக்குச் சுத்தமான ட்ராட், அதாவது மூலைக்கு மூலை எதிரெதிர்க் கால்கள் ஜோடியாக விழும் ஓட்டம், தேவை. அவருக்கு இந்த நடையே இடைஞ்சலாகும்.

ஆண் குதிரை, இளங்குதிரை

வெளிநாடுகளில் சவாரிக்கு விற்கும் ஆண் குதிரைகளில் பெரும்பாலானவை காயடித்தவை. இங்கே அந்த வழக்கம் குறைவு. அதனால் அனுபவமில்லாதவர் கையில் நேராகப் பொலிகுதிரை வந்து சேர்கிறது. பெட்டையின் வாடை பட்டால் கத்தும், எழும், கடிக்கும். மார்வாரி இயல்பிலேயே சட்டென்று உணரும் குதிரை, முரட்டுக் கைக்கு அடங்காது. முதல் குதிரையாக வாங்குபவருக்கு 8 முதல் 14 வயதுக்குள் உள்ள, பல பேர் ஏறிப் பழகிய பெட்டையோ காயடித்த குதிரையோதான் சரி. வாங்கிய பிறகு கால்நடை மருத்துவரிடம் காயடித்துக்கொள்ளலாம். ஆனால் பல ஆண்டு இனச்சேர்க்கைக்கு விட்ட குதிரையின் குணம் அறுவையோடு முழுவதும் மாறிவிடாது. அறுவைக்குப் பின்னும் ஒன்றரை மாதம் பெட்டைகளிடமிருந்து தள்ளியே கட்ட வேண்டும், அதுவரை சினைப்பிடிக்க வைக்கும் வாய்ப்பு இருக்கிறது.

வயதைப் பல்லில் பாருங்கள். கீழ்த்தாடையில் நடு இரண்டு பால்பற்கள் விழுந்து நிலைப்பல் முளைப்பது இரண்டரை வயதில். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். முன்பற்கள் முழுதாகச் சேர்ந்தால் ஐந்து வயது. ‘ரெண்டு பல்லு, சவாரிக்கு ரெடி’ என்று விற்கும் குதிரையின் முதுகெலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வளர்ச்சி ஐந்து வயதைத் தாண்டியும் தொடரும். பத்து வயதுக்கு மேல் பல்லை வைத்துச் சொல்லும் வயது உத்தேசம்தான்.

‘நாட்டு இனம், எதையும் தாங்கும்’

தார் பாலைவனத்து வெயிலையும் வறண்ட தீனியையும் தாங்கிய இனம் ஈரத்தையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மணலில் கெட்டிப்பட்ட குளம்பு, மழைக்காலச் சேற்றில் நிற்க நிற்க மென்மையாகும். அடிப்பாகத்தின் நடுவிலுள்ள முக்கோணப் பகுதியில் கருப்பாகக் கசிந்து நாற்றமடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். லாயத்தில் தண்ணீர் தேங்காத, காய்ந்த தரை இல்லாதவர் வேறெதற்கும் முன்னால் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்ட ஆள் கிடைப்பாரா என்பதையும் வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தீனியில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. 370 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஐந்தரை முதல் ஏழரை கிலோ உலர் தீனி தேவை. பச்சைப்புல்லில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் என்பதால் 5 கிலோ புல் போட்டால் ஒரு கிலோ உலர் தீனிதான் கணக்கு. நெல் வைக்கோலை மட்டுமே போட்டால் செரிக்காமல் குடலில் அடைத்து வயிற்றுவலி வரும். குதிரைக்கு அது உயிராபத்து. நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் இருப்பதால் அது சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துவிடும். பாஸ்பரஸ் மிகுந்த தவிடும் கூடவே சேர்ந்தால் எலும்பு கரைந்து முகம் வீங்கும், நொண்டலும் வரும். மாட்டுக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் குதிரைக்கு ஒத்துக்கொள்ளாது. இதற்கு நேரெதிராக, சிக்கனமாகத் தின்று பழகிய குதிரைக்குத் திடீரென்று கொள்ளும் தானியமும் குவித்தால் குளம்புக்குள் அழற்சி கண்டு நிற்க முடியாமல் போகும். தீனி மாற்றத்தைப் பத்து நாளில் பரப்புங்கள். தானியம் வேளைக்கு ஒன்றரை கிலோவைத் தாண்ட வேண்டாம்.

நுக்ரா என்று அழைக்கப்படும் வெள்ளைக் குதிரைக்கு ஒரு வார்த்தை. முடிக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பாக இருந்தால் மூக்கும் கண்ணோரமும் வெயிலில் புண்ணாகும், நிழல் அவசியம். வெள்ளை முடியும் கருந்தோலும் உள்ள குதிரைக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் வயதானபின் வால் அடியில் கட்டி வருகிறதா என்று பார்த்துவர வேண்டும்.

பார்க்கப் போகும் நாள்

நீங்கள் போகும்போதே சேணம் பூட்டி, வியர்த்து நிற்கும் குதிரை என்றால் சந்தேகப்படுங்கள். முன்பே ஓட்டிக் களைக்க வைத்திருக்கலாம். கட்டுத்தறியிலிருந்து அவிழ்ப்பது, கால் நான்கையும் தூக்குவது, சேணம் போடுவது எல்லாம் உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். முதலில் விற்பவரின் ஆள் ஏறட்டும், பிறகு நீங்கள். சேணமில்லாமல் கெட்டித் தரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து ட்ராட்டில் ஓட்டச் சொல்லி முன்னாலிருந்து பாருங்கள். எந்த முன்கால் ஊன்றும்போது தலை மேலே எழுகிறதோ அந்தக் காலில் நோவு. வேறொரு நாள், வேறு நேரத்தில், சொல்லாமல் இன்னொரு முறை போங்கள். மயக்க மருந்து தந்திருப்பார்களோ என்ற ஐயம் இருந்தால் மருத்துவரைக் கொண்டு ரத்தம் எடுத்து வையுங்கள்.

கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. உறுதியானால் 2009ஆம் ஆண்டு விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி குதிரையைக் கொல்ல நேரும். ஹிசாரிலுள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தச் சோதனையைச் செய்கிறது, மாதிரியை உள்ளூர் கால்நடை மருத்துவர் வழியாக அனுப்பலாம். குதிரைத் தொற்றுச் சோகைக்கான சோதனையையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள். சான்றில் உள்ள நிறம், அடையாளம், மைக்ரோசிப் எண் எல்லாம் எதிரில் நிற்கும் குதிரையோடு ஒத்துப்போகிறதா என்று சிப் ரீடர் வைத்துச் சரிபாருங்கள். வீட்டில் வேறு குதிரை இருந்தால் புதியதை மூன்று வாரமாவது தனி லாயத்தில், தனித் தொட்டியும் தனி வாளியுமாக வைத்திருங்கள்.