அம்மாவுக்குப் போன் போடும்போது நாம் செய்கிற தவறுகள்

அம்மா பாளையங்கோட்டையில், நான் நியூ ஜெர்சியில். பன்னிரண்டு வருஷமாக எங்கள் உறவு போனில்தான் ஓடுகிறது. இங்கே எழுதுவதில் பாதி நான் செய்த தவறுகள், மீதி தோழிகள் செய்து நான் பார்த்தவை.

பெரிய தவறு, வருகைப் பதிவு எடுப்பது. "சாப்பிட்டியாம்மா? மாத்திரை போட்டாச்சா? பிரஷர் பாத்தியா?" மூன்று கேள்விக்கு மூன்று "ஆச்சு". நாலாவது நிமிஷம் "சரிம்மா, வச்சிரட்டுமா?" வருஷக்கணக்கில் இப்படித்தான் பேசியிருக்கிறேன். ஒரு நாள் எனக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம்: நான் வைக்கிற சொதி, அதான் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு, மட்டும் ஏன் திரிந்துபோகிறது? கேட்டதும் அம்மா குரலே மாறிவிட்டது. "ஏட்டி, மொதப் பாலை ஊத்திக் கொதிக்க விட்டியா?" மூன்றாம் பாலில்தான் காய் வேக வேண்டும், முதல் பால் கடைசியில், நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், எலுமிச்சம்பழம் சூடு தணிந்த பிறகுதான் பிழிய வேண்டும். அங்கிருந்து பெரியம்மா கல்யாணத்து மறுவீட்டில் சொதி பத்தாமல் போன கதைக்குப் போனாள். நாற்பது நிமிஷம். நடுவில் போகிற போக்கில் ஒன்று சொன்னாள்: "இப்பல்லாம் திருவலக்குத்தியில உக்காந்து தேங்காய் திருவ முடியலட்டி, முட்டு மடங்க மாட்டேங்கு." முட்டு வலி எப்படி இருக்கிறது என்று மாசக்கணக்கில் நான் கேட்டும் வராத பதில் இது. விசாரித்தால் அம்மாக்கள் "நல்லாருக்கேன்" என்பார்கள். நமக்கு ஏதாவது தேவை என்று போய் நின்றால்தான் வாய் திறக்கிறார்கள்.

அடுத்தது, கார் ஓட்டிக்கொண்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டும் ஸ்பீக்கரில் பேசுவது. வயதானால் காதில் முதலில் குறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். ச, த, ப போன்ற மெய்யொலிகள் மங்கி, பேச்சு காதில் விழும், ஆனால் புரியாது. பெண்கள், குழந்தைகள் குரல் இன்னும் சிரமம். அதனால்தான் பேரனிடம் எல்லாவற்றுக்கும் "ம்ம், ம்ம்" என்று ஒப்பேற்றுகிறார்கள். கத்தினால் இரைச்சல்தான் கூடும். நின்று, நிதானமாக, முடிந்தால் வீடியோவில் உதடு தெரிய பேசுங்கள். ஆச்சியின் நெற்றி மட்டும் தெரிகிற வீடியோவாக இருந்தாலும் பரவாயில்லை. நம் உதடு அவர்களுக்குத் தெரிகிறதே!

"வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று தள்ளிவிடுவதும் ஆபத்து. சொன்ன கதையையே திரும்பச் சொல்வதை நானும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று நாள் கிழமை தெரியாமல் குழம்பினால் அது மறதி என்று விடக்கூடாது. முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தாலோ, ரத்தத்தில் சோடியம் குறைந்தாலோ இப்படித் திடீர்க் குழப்பம் வரும். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அப்புறம் ஓடிபி. இது நாமே கற்றுக்கொடுக்கிற கெட்ட பழக்கம். இங்கிருந்து மருந்தோ மளிகையோ ஆர்டர் போட்டுவிட்டு, "அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும், படி" என்கிறோம். போனில் கேட்டால் நம்பரைப் படிக்க வேண்டும் என்று அவள் மனசில் பதிந்துவிடுகிறது. அடுத்த வாரம் எவனோ கேட்டாலும் படிப்பாள். ஆர்டரில் உங்கள் நம்பரையே கொடுங்கள். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுகிறவர்களைப் பற்றியும் சொல்லிவையுங்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

ஆனால் 1930, 108, முதியோர் உதவி எண் 14567 எல்லாம் அம்மா அடிப்பதற்குத்தான். வெளிநாட்டிலிருந்து இந்தக் குட்டி எண்களை அழைத்தால் பொதுவாக லைன் கிடைக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு அதைக் கண்டுபிடித்துத் தவிப்பதை விட, பக்கத்து வீட்டு அக்கா, டாக்டர், தெருமுனை ஆட்டோ அண்ணன் எல்லோருடைய பத்து இலக்க நம்பரையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்கிற அண்ணிக்கு இங்கிருந்து உத்தரவு போடுவது பற்றி நான் சொல்லவே வேண்டாம். போட்டிருக்கிறேன், வாங்கியும் கட்டியிருக்கிறேன்.

நேரம் தவறுவதுதான் எனக்கு இன்னமும் உறுத்துகிறது. காலை ஒன்பதரைக்குக் கூப்பிடுவேன்; கோடையில் அங்கே இரவு 7 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். எனக்கு அதே ஒன்பதரை, அம்மாவுக்கு 8 மணி. இதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஏழு மணியிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு, டிவியைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள் என்று அண்ணிதான் பின்னால் சொன்னாள். மறுவருஷம் முன்கூட்டியே சொன்னேன். தினசரி காலண்டரில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் தேடி, நல்ல நேரத்துக்குக் கீழே எழுதிவைத்தாளாம்: "இன்று முதல் 8 மணி."