விசித்திரமான அண்டை வீட்டார்: மும்பை சொசைட்டிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செம்பூரில் எங்கள் சொசைட்டியின் (கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின்) கமிட்டியில் நெடுங்காலமாக இருப்பதால், புதிதாகக் குடிவருபவர்கள் பக்கத்து வீட்டுக்காரரின் விநோதப் போக்கைக் கண்டு, முன்பு வந்தவர்கள் செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சுவரைத் தட்டிப் பதிலடி கொடுப்பது, வாசலில் நின்று கத்துவது போன்றவை தவறு என்பது எவருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

விநோதத்தையும் தொல்லையையும் ஒன்றாக எண்ணுவது

ஒருவர் வீடு முழுவதும் பழைய செய்தித்தாள்களை அடுக்கிவைத்திருந்தால் அது அவர் பாடு. பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவைக் கூட்டிவந்து அவர் வாசலில் நிறுத்தும் உரிமை நமக்கு இல்லை. அந்தக் கட்டுகள் மாடிப்படிக்கு வந்துவிட்டால் கதை வேறு. தீப்பிடித்தால் எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய வழி அது என்பதால் கமிட்டி தலையிட்டே ஆக வேண்டும். பொருள்களைக் கழிக்க முடியாமல் சேர்த்துக்கொண்டே போவதை, 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு தனியொரு கோளாறாகவே வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே படியைக் காலிசெய்யச் சொல்லும்போது கேலியைக் கலக்க வேண்டாம்.

குழுவில் காணொளி போடுவது

இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். எங்கள் கட்டடத்தில், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், மாநகராட்சித் தண்ணீர் வரும் விடியற்காலையில் பனியனும் டார்ச்சுமாக மாடி மாடியாக இறங்கி, ஒவ்வொரு குழாயையும் எவர்சில்வர் கரண்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். சத்தம் எரிச்சலூட்டும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் வராத நாளில் முதலில் வந்து எச்சரிப்பவரும் அவரே. அவருக்கு நேர் கீழ் ஃப்ளாட்டுக்கு வந்த இளம் தம்பதி, அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அவர் குழாயில் காதை வைத்து நிற்பதைப் படம்பிடித்து, சிரிப்புப் பொம்மைகளோடு சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அந்தக் குழுவில் அடுத்த விங்கில் குடியிருக்கும் அவருடைய தங்கை மகனும் இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மழைக்காலம் வந்ததும் அந்தத் தம்பதியின் குளியலறைக் கூரையிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. மேல்வீட்டுக் குளியலறைத் தரையில் நீர் வடியும் நஹானி டிராப்பைச் சுற்றியுள்ள இணைப்பு விட்டுப்போனால், கீழிருந்து எத்தனை முறை பூசிப் பெயிண்ட் அடித்தாலும் பயனில்லை. மேலே டைல்ஸைப் பெயர்த்து வாட்டர்ப்ரூஃபிங் செய்தாக வேண்டும். பெரியவர் பிளம்பருக்குக் கதவைத் திறக்கவில்லை. முன்னறிவிப்போடு வரும் செயலாளரைப் பழுதைப் பார்வையிட உறுப்பினர் அனுமதிக்க வேண்டும் என்று சொசைட்டியின் விதித்தொகுப்பான பைலா சொல்கிறது என்பது சரிதான். ஆனால் நோட்டீஸ், அதற்கு அவருடைய பதில், மறுபடியும் நோட்டீஸ் என்று மழைக்காலமே ஓடிவிட, புதிதாகப் போட்ட ஃபால்ஸ் சீலிங் ஊறிப் பெயர்ந்து விழுந்தது. கடைசியில் கதவைத் திறக்கவைத்தது எங்கள் நோட்டீஸ் அல்ல. ஊரிலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணின் மாமியார் தனியாக மேலே போய், "பிள்ளைகள் பண்ணது தப்புதான், மனசுல வச்சுக்காதீங்க அண்ணா" என்று கேட்டுக்கொண்டதற்குப் பிறகே அவர் இணங்கினார். மேல்வீட்டுக்காரருடைய குளியலறைத் தரைதான் உங்கள் குளியலறைக் கூரை என்பதைக் குடிவரும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்; தலையாட்டிவிட்டு அடுத்த மாதமே யாரையாவது படம்பிடிக்கிறார்கள்.

குழந்தைகளைத் தூது அனுப்புவது

கூடவே கூடாது.

அரைகுறையாகச் சட்டம் பேசுவது

தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் பெண்மணியிடம் "இது சட்டவிரோதம்" என்று பாய்பவர்களுக்கு, 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் குழந்தைகள் விளையாடும் இடம், நுழைவாயில், மாடிப்படி ஆகியவற்றை விட்டுத் தள்ளி உணவிடும் இடத்தை ஒதுக்கித்தரும் பொறுப்பைக் குடியிருப்போர் அமைப்பின் மீதே வைத்திருப்பது தெரிவதில்லை. புறாக்களின் நிலை வேறு: அவற்றின் எச்சத்தால் நுரையீரல் அழற்சி வரக்கூடும் என்பதால், தாதரில் உள்ளது உட்பட புறாக்களுக்குத் தீனி போடும் இடங்களான மும்பையின் கபூத்தர்கானாக்களை மூடும் நடவடிக்கை 2025இல் எடுக்கப்பட்டது. ஒலியைப் பொறுத்தவரை, குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல். பகலில் ஆர்மோனியம் பழகுபவரிடம் போய் இரவு வரம்பை ஒப்பிப்பவர் தம் மதிப்பைத்தான் இழக்கிறார்.

எடுத்ததும் காவல் நிலையம் போவது

அடிதடி, மிரட்டல், பெண்களைப் பின்தொடர்தல் என்றால் உடனே போங்கள். மற்றவற்றுக்கு முதலில் நேரில் பேச்சு, பிறகு கமிட்டிக்கு எழுத்துமூலம் புகார்; அந்தப் புகாரிலும் ஆளின் குணத்தை எழுதாமல், நடந்ததையும் நாளையும் நேரத்தையும் மட்டும் எழுதுங்கள்.

நோயை விநோதம் என்று தள்ளிவிடுவது

நேற்றுவரை ஒழுங்காக இருந்தவர் திடீரென்று இரவெல்லாம் தனியே பேசத் தொடங்கினாலோ, நாள்கணக்கில் கதவைத் திறக்காவிட்டாலோ, அது கமிட்டிக் கூட்டத்தில் வைக்க வேண்டிய பொருள் அன்று. முதலில் அவருடைய உறவினருக்குச் சொல்லுங்கள். உறவினர் இல்லையென்றால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ அழைத்து, என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.