குட்டையில விரால் தங்கணும்னா: தூண்டில் போடுறவங்களுக்கும் வேட்டைக்குப் போறவங்களுக்கும்

எங்க ஊரு மலேசியாவுல, சிலாங்கூர் மாநிலத்துல இருக்கற பத்தாங் பெர்ஜுந்தாய். இப்ப போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு இருக்கும், ஆனா பஸ்ல ஏறுற பாட்டிங்க யாரும் அப்படி சொல்ல மாட்டாங்க. சுத்தி செம்பனைத் தோட்டம், நடுவுல பாரிட்டுன்னு சொல்ற வாய்க்கால், அந்தப் பக்கம் ஈயம் தோண்டி விட்டுட்டுப் போன குட்டைங்க, அதையும் தாண்டினா சுங்கை சிலாங்கூர், அதான் சிலாங்கூர் ஆறு. தோட்டத் தொழிலாளர் லயத்துல வளந்த பையன் எவனும் தூண்டில் பிடிக்கத் தெரியாம இருந்ததில்ல. இப்ப தாமான்ல, அதான் புது வீட்டுக் குடியிருப்புல இருக்கற பசங்களும் ஆன்லைன்ல தூண்டில் ராடு, ரீலுன்னு வாங்கிக்கிட்டு ஞாயித்துக்கிழமை ஆனா மோட்டர்ல கெளம்பிடறானுங்க, நல்ல விஷயம்தான், ஃபோனைப் பாத்துட்டு படுத்துக் கெடக்கறதுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா போறவன்ல பாதி பேருக்கு எதை எடுக்கலாம் எதை விடணும்னு சொல்லிக்குடுக்க ஆளில்ல, அதுக்குத்தான் இது.

மீனையும் காட்டு விலங்கையும் காப்பாத்தறது ஆபீஸ்ல உக்காந்திருக்கற அதிகாரி வேலைன்னு நம்மாளுங்க நெனைக்கிறோம். அவரு வருஷத்துக்கு ஒரு தடவை ஜீப்புல வருவாரு, நாம வாரத்துக்கு மூணு தடவை தண்ணியில காலை வெச்சுட்டு நிக்கிறோம், தண்ணிக்கு என்ன ஆச்சுன்னு மொதல்ல யாருக்குத் தெரியும்?

அதனால மொதல் வேலை ஒரு நோட்டு வாங்குங்க. ஸ்கூல் நோட்டு போதும். போற ஒவ்வொரு தடவையும் தேதி, எந்தக் குட்டை, மழையா வெயிலா, என்ன மீன், எத்தனை, எடுத்தியா விட்டியா, அவ்வளவுதான் எழுதணும். ரெண்டு வருஷம் கழிச்சு பொரட்டிப் பாத்தாத்தான் தெரியும். நான் ஆரம்பிச்சப்ப பாரிட்ல புயு, செப்பாட், விரால்னு இந்த மண்ணு மீனா எழுதிருக்கேன், இப்ப அதே பாரிட்டுக்குப் பக்கம் பக்கமா திலாப்பியா, ஆப்பிரிக்கா கெளுத்தி, இக்கான் பண்டாராயான்னு எல்லாம் வெளியில இருந்து வந்த மீன். "அந்தக் காலத்துல எவ்வளவு மீன் தெரியுமா"ன்னு ஒட்டுக்கடையில பேசினா ஒருத்தனும் கேக்க மாட்டான், நோட்டைக் காட்டினா கொஞ்சம் கேப்பான்.

அடுத்தது விராலும் தோமானும், இங்கதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. விராலை மலாய்க்காரங்க ஹாருவான்னு சொல்வாங்க, நம்ம வீட்டுல ஆபரேஷன் பண்ணவங்களுக்கும் பிள்ளை பெத்தவங்களுக்கும் சூப்பு வெச்சுக் குடுக்கறது இதைத்தான். தோமான் அதோட சொந்தக்காரன், ஆனா ஆளு பெருசு, ஒரு மீட்டருக்கு மேல வளரும். ரெண்டுமே குஞ்சைக் காவல் காக்கற மீன். தண்ணி மேல செகப்பா ஒரு கூட்டம் கொப்புளிச்சுக்கிட்டே நகரும், மூச்சு வாங்க மேல வர்ற குஞ்சுங்க அது. அதுக்கு கீழ அப்பனோ ஆத்தாவோ ரெண்டுமோ இருக்கும். அது நடுவுல தவளை மாதிரி செஞ்ச போலி இரையை, அதான் லூரைப் போட்டா கட்டாயம் அடிக்கும், பசிக்கு இல்ல, பிள்ளைங்ககிட்ட எவனோ வந்துட்டான்ற கோவத்துல அடிக்கும். அதான் அது சுலபமான மீன், அதான் வீடியோவும் அதுலயே எடுக்கறானுங்க. தாயைத் தூக்கின கொஞ்ச நேரத்துல மத்த மீனுங்க வந்து குஞ்சைக் காலி பண்ணிடும். ஒரு தோமானைப் பிடிச்சேன்னு நீங்க நெனைக்கிறீங்க, நெசத்துல ஒரு குடும்பத்தையே தொடச்சிட்டீங்க.

செய்ய வேண்டியது ஒண்ணுதான்: செகப்புக் கூட்டம் தெரிஞ்சா லூரைச் சுத்தி எடுத்துட்டு அம்பது அடி தள்ளிப் போங்க. தெரியாம அடிச்சிடுச்சா, கரைக்கு இழுத்து போட்டோ எடுக்கறேன்னு லேட் பண்ணாம தண்ணியிலயே கொக்கியைக் கழட்டி அதே எடத்துல விடுங்க, தூரமாக் கொண்டு போய் விட்டா குஞ்சுக்கிட்ட திரும்பறதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும்.

"தோமான் எல்லா மீனையும் தின்னுடும், அதைக் கொல்றதுதான் குட்டைக்கு நல்லது"ன்னு சொல்ற அண்ணன்மாருங்களை எனக்குத் தெரியும். நான் ஒத்துக்க மாட்டேன். தோமான் இந்த மண்ணு மீன், மத்த மீனுங்க அதோட வாழ்ந்து பழகினதுங்க, பொத்துக்கிட்டு பெருகற திலாப்பியாவை அதுதான் கொறைக்குது. வெளியூர்க்காரன் பீகாக் பாஸ், தென் அமெரிக்காவுல இருந்து வந்தது, இக்கான் ராஜான்னு பேரு வேற வெச்சு, இழுக்கறப்ப நல்லா சண்டை போடுதேன்னு முத்தம் குடுத்து திரும்ப விடறானுங்க. அதை விடாதீங்க. எடுத்துட்டுப் போங்க, பொரிச்சா ருசியாத்தான் இருக்கும். இதைச் சொல்லி கூட்டாளிங்ககிட்ட நான் திட்டு வாங்கியாச்சு, பரவாயில்ல. அதே மாதிரி வீட்டுத் தொட்டியில பெருசாயிடுச்சேன்னு எதையும் பாரிட்ல கொண்டு விடாதீங்க, பண்டாராயா மீன் அப்படி வந்ததுதான், கரையில பொந்து தோண்டி கரையே சரியுது. புண்ணியம்னு கெளுத்தி வாங்கி ஆத்துல விடறவங்களும் இருக்காங்க. ஆப்பிரிக்கா கெளுத்தியை ஆத்துல விட்டா புண்ணியம் யாருக்குன்னு எனக்குப் புரியல.

விடற மீனை ஒழுங்கா விடணும். கையை நனைச்சுக்கிட்டுத் தொடுங்க, காஞ்ச கையில பிடிச்சா அதோட வழவழப்பு உரிஞ்சு புண்ணாகும். சூடான சிமெண்ட்டுல போடாதீங்க, செவுளுக்குள்ள விரலை விட்டுத் தூக்காதீங்க, கொக்கி முள்ளை இடுக்கியால நசுக்கிட்டா கழட்டறது சுலபம். விரால் காத்துல மூச்சு விடும், கொஞ்சம் தாங்கும், ஆனா செபாராவ், கெலா எல்லாம் ஓடற தண்ணி மீன், சீக்கிரம் மூச்சு முட்டும். கெலாவுக்கு தாமான் நெகாரா தேசியப் பூங்காவுல லுபோக் தெனோர்ல தனி சரணாலயமே வெச்சிருக்காங்க, நமக்குக் கிட்டத்துல கோலகுபு பாரு தாண்டி சுங்கை சிலிங்ல ஒண்ணு இருக்கு, தொறந்திருக்கான்னு கேட்டுட்டு பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் காட்டுங்க, மீன் கால்கிட்ட வரும், தூண்டில் மட்டும் வீட்டுல இருக்கட்டும்.

இப்ப கரண்ட் விஷயம். பேட்டரியை முதுகுல கட்டிக்கிட்டு ராத்திரி பாரிட்ல எறங்கி, தண்ணியில கரண்ட் விட்டு மீன் பிடிக்கறது. இதை பாவம் பொழைப்புன்னு பேசறவங்க இருக்காங்க, மாசக் கடைசியில கையில காசில்லாம நானே ஒரு காலத்துல டார்ச் பிடிச்சு பின்னாடி போயிருக்கேன், மறைக்கல. ஆனா அது தேர்ந்தெடுத்துப் பிடிக்கற வேலை இல்ல, பெருசு மெதந்தா நாம பொறுக்கறோம், விரல் நீளக் குஞ்சும் இறாலும் அடியில செத்துக் கெடக்கறது நமக்குத் தெரியறதில்ல, தப்பிச்ச மீனுக்கும் முதுகெலும்பு ஒடிஞ்சு கோணலா நீந்தும். மனுஷனும் செத்திருக்கான். 1985 மீன்வளச் சட்டத்துல கரண்ட், வெஷம், வெடி மூணுமே குத்தம். மீனை மயக்கற தூபாங்கற செடியோட வேரை இடிச்சுக் கலக்கறதும் வெஷம்தான், தாத்தா காலத்துல செஞ்சாங்கன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. அளவு, சீசன், எந்த எடத்துல பிடிக்கலாம்ங்கறதுக்கு ஆத்து மீன் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், புது எடத்துக்குப் போறதுக்கு முன்ன அந்த மாவட்ட பெரிக்கானான், அதான் மீன்வளத்துறை ஆபீஸ்ல கேட்டுடுங்க.

கரண்ட் போடறவனை எப்படி நிறுத்தறது? மொதல் நாளே போலிஸ்னு போகாதீங்க. நம்ம ஊர்ல அவன் உங்க அத்தை பையனாவோ கோயில் கமிட்டியில கூட நிக்கறவனாவோதான் இருப்பான். தனியா, பகல்ல, கடையில டீ வாங்கிக் குடுத்துப் பேசுங்க, பத்து பேர் முன்னாடி கேட்டா ரோஷத்துக்காகவே மறுநாள் எறங்குவான். சட்டத்தைப் பத்திப் பேசறதை விட, "அண்ணே, உங்க பையனுக்கு அடுத்த வருஷம் இந்தப் பாரிட்ல என்ன இருக்கும்"னு கேளுங்க. எங்க பக்கத்துல ஒருத்தரு அப்படித்தான் நிறுத்தினாரு, நிறுத்தினவரு இப்ப தூண்டில்ல எங்களை விட நல்லா பிடிக்கறாரு, அந்த எரிச்சல் வேற. ரெண்டு மூணு தடவை பேசியும் கேக்கலேன்னா தேதி, நேரம், எடம் எழுதி பெரிக்கானான்ல குடுங்க. ராத்திரி தண்ணியில நிக்கறவன்கிட்ட நேருக்கு நேர் சண்டைக்குப் போயிடாதீங்க, அவன் கையில கரண்ட் இருக்கு.

வேட்டைக்குப் போறவங்களுக்கு. தோட்டத்துல காட்டுப்பன்னி எளஞ்செடியோட குருத்தைத் தின்னுட்டுப் போகுது, அதனால சுடறது தேவைன்னு எல்லாரும் ஒத்துக்குவாங்க, நானும்தான். ஆனா ரெண்டு பேப்பர் வேணும், துப்பாக்கிக்கு போலிஸ் லைசென்ஸ் தனி, பன்னிக்கு பெர்ஹிலித்தான், அதான் வனவிலங்குத் துறை லைசென்ஸ் தனி. ஒண்ணு இருந்தா போதும்னு நெனைச்சு மாட்டினவங்க உண்டு. ருவாக்-ருவாக்னு சொல்ற நீர்க்கோழி, காட்டுக்கோழி, உடும்பு இதெல்லாம் "சின்னதுதானே"ன்னு நம்ம பசங்க லாஸ்டிக் கவண்லயும் கண்ணியிலயும் பிடிப்பானுங்க, 2010 வனவிலங்குச் சட்டத்துல இதுக்கெல்லாம் லைசென்ஸ் இல்லாம கை வைக்கக் கூடாது. தெங்கிலிங், அதான் எறும்புத்தின்னி, அதுக்கு லைசென்ஸ் கேட்டு ஆபீஸ் வாசல் மிதிக்கவே வேணாம், முழுப் பாதுகாப்புல இருக்கு. ரோட்டுல சுருண்டு கெடந்தா வண்டியை நிறுத்தி பெர்ஹிலித்தானுக்கு ஃபோன் போடுங்க, எவனாவது நல்ல வெலை குடுக்கறேன்னு வந்தா அவனோட பேசவே பேசாதீங்க.

பழைய வேட்டைக்காரங்களுக்கு எழுதாத விதி இருந்துச்சு. எல்லையில இருக்கற முனியாண்டிக்கு சுருட்டு வெச்சுட்டுத்தான் உள்ள போவாங்க, குட்டியோட போற பன்னியையும் வயித்துல குட்டி இருக்கறதையும் சுட மாட்டாங்க, சுட்டா அடிபட்டதைத் தேடிக் கண்டுபிடிக்காம வீட்டுக்கு வர மாட்டாங்க. அந்தத் தாத்தாங்க சட்டம் படிச்சவங்க இல்ல.

கம்பிச் சுருக்கை மட்டும் யாரும் வைக்காதீங்க. மோட்டர் கிளட்ச் கேபிள்ல செய்யறது, பன்னிக்குன்னு வெச்சா அது பன்னியா தாப்பிரான்னு கேட்டுட்டு இறுக்காது. எங்க வீட்டு நாய் கறுப்பன் மூணு நாளு காணாம, நாலாம் நாள் பாரிட் ஓரமா ஒரு கால் இல்லாம வந்தான், ரெண்டு வாரம்தான் இருந்தான். நாட்டுல காட்டுல மிஞ்சியிருக்கற புலி 150க்கும் கம்மின்னு 2016ல இருந்து 2020 வரை எடுத்த கணக்கு சொல்லுது, அதுக்கு பெரிய எமன் இந்தச் சுருக்குத்தான். பாத்தா எடத்தை ஃபோன்ல குறிச்சுக்கிட்டு படம் எடுத்து பெர்ஹிலித்தானுக்கு அனுப்புங்க. வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க, சுருக்கு உங்க கையில இருந்தா நீங்கதான் பதில் சொல்லணும்.

பன்னி அறுத்தா குடலைப் பாரிட்ல போடாதீங்க, ஆழமாப் பொதைங்க. 2021ல ஆப்பிரிக்கப் பன்னிக் காய்ச்சல் நம்ம நாட்டுக்குள்ள வந்துச்சு, மனுஷனுக்கு ஒட்டாது, ஆனா பூட்ஸ் மண்ணுலயும் கறியிலயும் பண்ணைக்குப் போகும். தானா செத்துக் கெடக்கற பன்னியைத் தொடவே தொடாதீங்க. கறியை நல்லா வேக வைங்க.

தோட்டத்துல கம்பத்து மேல பெட்டி பாத்திருப்பீங்க, அது ஆந்தைக்கு. எலியைப் பிடிக்கறதுக்குன்னு நிர்வாகமே வெச்சது. ஆந்தை அலறினா சாவுன்னு கல்லை விட்டு அடிக்காதீங்க. மலைப்பாம்பும் எலியைத்தான் தின்னுது, கோழிக்கூண்டுக்கு வந்தா கூப்பிட வேண்டியது பொம்பாவை, அதான் தீயணைப்புக்காரங்களை, கையில எடுக்க வேண்டியது பாராங் கத்தி இல்ல.

கடைசியா தண்ணி கெட்டுப் போறது, இதுலதான் நோட்டு உதவும். காலையில மீனுங்க எல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடினா தண்ணியில காத்து இல்லேன்னு அர்த்தம். சுங்கை சிலாங்கூர்ல பெரிய இறால் கரையேறி வரும், ஊடாங் மாபோக், அதான் மயங்கின இறால்னு சொல்லி வாளியோட ஓடுவோம், நானும் ஓடியிருக்கேன். ஓடறதுக்கு முன்ன ஆத்துக்கு மேல் பக்கம் என்ன நடந்துச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க, அது என்ன தண்ணின்னு தெரியாம இறாலைச் சாப்பிடவும் சாப்பிடாதீங்க. 2020 செப்டம்பர்ல ரவாங் பக்கம் சுங்கை கோங்ல கழிவு கலந்து 4 சுத்திகரிப்பு நிலையத்தை மூடினாங்களே, கோலாலம்பூரைச் சுத்தி இருக்கற கிள்ளான் பள்ளத்தாக்கே வாளியோட நின்னுச்சே, அது இதே ஆத்துத் தண்ணி. 2014 வறட்சியில நம்ம ஈயக்குட்டைத் தண்ணியைத்தான் ஆத்துக்கு பம்ப் பண்ணாங்க.

நம்ம பக்கம் பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு. செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுக்குளம் வழிஞ்சதுன்னா தண்ணி காப்பி நெறத்துல புளிச்ச வாடை அடிக்கும். களைமருந்து அடிச்சவங்க மருந்து தெளிக்கற தோம்பைப் பாரிட்ல கழுவினா நெறம் மாறாம மீன் மட்டும் சாகும். பாராகுவாட்டுங்கற களைமருந்தை 2020ல தடை பண்ணிட்டாங்க, ஆனா மத்த மருந்தும் மீனுக்கு சர்பத் இல்லியே. மொதல்ல படமும் வீடியோவும் எடுங்க, நேரம் எழுதுங்க, கையை நனைக்காம சுத்தமான போத்தல்ல தண்ணி பிடிச்சு மூடி ஐஸ்ல வைங்க, அப்புறம் ஜாபாத்தான் ஆலாம் செகிதார்ல, அதான் சுற்றுச்சூழல் துறையில புகார் போடுங்க, மீன் செத்திருந்தா பெரிக்கானானுக்கும். மருந்து அடிக்கற அக்காமாருங்களைக் குத்தம் சொல்லிக்கிட்டு நிக்காதீங்க, கழுவறதுக்கு வேற எடம் குடுக்காதது யாருன்னு பாருங்க, வேலை மேற்பார்க்கற மண்டோர்கிட்ட சொல்லி ஒரு தண்ணிக் குழாயும் குழியும் கேட்டு வாங்கலாம், ஒரு தோட்டத்துல நாங்க கேட்டு ஏழு மாசம் இழுத்தடிச்சுத்தான் குடுத்தாங்க.

அஞ்சு பேர் சேர்ந்தா போதும், சங்கம், தலைவர், பொருளாளர்னு ஆரம்பிச்சா மீனை மறந்துட்டு தேர்தல் நடத்துவோம். ஒரு குட்டையை எடுத்துக்குங்க, ஒரு பலகையில தமிழ், மலாய், சீனம் மூணுலயும் "குஞ்சுக் கூட்டத்துல தூண்டில் போடாதீங்க"ன்னு எழுதி நடுங்க. எங்க பலகையில மலாய் எழுத்துப்பிழை இருந்துச்சு, ஒரு பாக்சிக், அதான் மலாய்க்காரப் பெரியவரு வந்து சிரிச்சுக்கிட்டே திருத்திட்டு அவரும் கூட்டத்துல சேந்துட்டாரு. போன வாரம் நோட்டுல இருக்கறது இது: ஞாயிறு, லேசான தூறல், பெரிய குட்டை, விரால் 3, ஒண்ணு எடுத்தது, ரெண்டு விட்டது, பீகாக் பாஸ் 4 எடுத்தது, மேற்கு மூலையில செகப்புக் கூட்டம் ஒண்ணு, யாரும் போடல.